அப்பல்லோவின் புருவம்

பர்ஸ்லெம்,
1818 பிப்ரவரி 1

என்னைத் தள்ளிவிட்டு முந்திப் பிறந்த யாபேஸுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே தொற்காள் அத்தைக்கு இருமல். எனக்கு அந்த இருமலைக் கேட்கும் வியாதி. கால்வாய் உறைந்துபோய்ப் படகோட்டி நோவா மாமா நகர முடியாமல் கிடந்தார். பேர் நோவா, சிக்கியது பனிக்கட்டியில். இனி நம் கடிதங்கள் அவர் படகில், பீங்கான் கூடைகளுக்கு நடுவே வைக்கோல் மெத்தையில் சொகுசாக வரும். துறைமுகக் கிட்டங்கியில் கொடுத்து வைப்பார். போய் வாங்கிக்கொள்.

பட்டறையில் உன் ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது. சூரிய தேவன் அப்பல்லோவும் வேட்டைத் தேவி டயானாவும் இரட்டைப் பிறவிகள், அந்தப் பீங்கான் சிலைகளைத் தீட்டுவதும் இரட்டைப் பிறவிகள் என்று, வாங்க வருகிறவர்களிடம் முதலாளி டரண்ட் அளப்பாரே, அந்த வியாபாரம் படுத்துவிட்டது. நீ தீட்டிய அப்பல்லோக்கள் தீர்ந்தன. என் டயானாக்கள் மட்டும் அலமாரியில் வரிசையாக நின்று முதுகிலிருந்து அம்பை உருவுகிறார்கள். யார்மேல் விடப்போகிறார்களோ. முதலாளிமேல் என்றால் நான் குறிபார்த்துக் கொடுப்பேன்.

அத்தை மாறவில்லை. நேற்றுக்கூட ஓட்ஸ் ரொட்டியை எடுக்கப் போனபோது, "விக்கிரகம் தொட்ட கை! கழுவிட்டு வாடீ!" என்றாள்.

"அத்தே, அந்த விக்கிரகந்தான் இந்த ரொட்டிய வாங்கித் தருது."

"ஒன் வாயக் கழுவ ஊர்க் கால்வாயும் பத்தாது!"

போன மார்ட்டின் திருநாளில் முதலாளி நீட்டிய அச்சாரக் காசை நீ மறுத்தாய், நான் வாங்கினேன். வாங்கிய கை ஓராண்டுக்கு அவருடையது. வரும் நவம்பரில் அதே திருநாள் வருவதற்குள் லிவர்பூல் பட்டறையில் உன் பக்கத்தில் எனக்கு இடம் பிடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாய். இடம் பிடித்தாயா, சளி பிடித்ததா?

பட்டறையில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும்,
எப்சிபா


லிவர்பூல்,
பிப்ரவரி 22

அன்புத் தங்கை எப்சிக்கு,

கடிதம் வைக்கோல் மணத்தோடு வந்தது. நான் நலம். அத்தைக்குத் தேன் கொடு, உன் பேச்சைக் கொடுக்காதே.

இங்கே ஜன்னல்கள் பெரியவை. வெளிச்சம் தாராளம். பேச்சுத்தான் இல்லை. எல்லோரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். தலையைக் குனிந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்போதுதான் நிமிர்கிறார்கள். முதல் வாரமே என் கையில் அப்பல்லோவைக் கொடுத்தார்கள். ரோஜா நிற மேலங்கி, மஞ்சள் யாழ். மேஸ்திரி வந்து புருவத்தையே உற்றுப் பார்த்தார். "ஒரே இழுப்புல போடுறியே, எங்க கத்துக்கிட்ட?" என்றார். பர்ஸ்லெமில் எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள் என்றேன். பொய்தான். ஊர்ப் பெருமைக்காகச் சொன்ன பொய்.

மாலையில் துறைமுகம் வரை நடக்கிறேன். எனக்கு இங்கே யாரையும் தெரியாது. பழகிவிடும்.

மார்ட்டின் திருநாளில் அச்சாரம் வாங்காதே. உன் இடத்துக்கு நான் பொறுப்பு. இது வாக்கு.

உன் நலம் விரும்பும்,
யாபேஸ்


பர்ஸ்லெம்,
ஏப்ரல் 5

வாக்குக் கொடுத்த வள்ளலுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்; நலமாக இல்லாவிட்டால் இதைப் படித்ததும் ஆகிவிடுவாய்.

எனக்கு இப்போது கடல் தேவன் நெப்டியூனைக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குக் கையில் முத்தலைச் சூலம், எனக்குக் கழுத்தில் முத்தலைவலி. அலுப்பு தாங்காமல் ஒரு கூடை நெப்டியூன்களுக்கும் இடது இமையைப் பாதி தொங்கவிட்டேன். யாருடைய இமை அப்படித் தொங்கும்? ஆமாம், முதலாளியுடையதுதான். சூளையிலிருந்து வந்தபோது அத்தனை டரண்டுகளும் மீன்மேல் கால்வைத்து நின்றார்கள்.

இப்போது கேள். ஸ்டாஃபோர்டிலிருந்து வந்த கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்தார். "அட, அரைத் தூக்கத்துலயே கடல ஆளுறானே! இதே கண்ணோட இன்னும் அனுப்புங்க" என்றார். அவர் போனதும் முதலாளி அந்தச் சிலையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாத்தியாடீ, இந்தக் கண்ணுல ஒரு கம்பீரம் இருக்கு."

"ஆமாங்கய்யா. நாங்க தெனமும் பாக்குற கம்பீரம்."

பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. நீ எதிரில் இருந்திருந்தால் தூரிகையை விழுங்கியிருப்பாய்.

ஜூனில் ஊர்த் திருவிழா. வருவாய்தானே? படகில் இடம் சொல்லி வைக்கிறேன். நோவா மாமா தன் குதிரையிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

கடல்களின் அதிபதியைத் தூங்கவைத்த,
எப்சிபா


லிவர்பூல்,
மே 31

அன்புத் தங்கைக்கு,

நலம். அத்தை எப்படி இருக்கிறாள்? பதில் தாமதம். வேலை அதிகம்.

திருவிழாவுக்கு வர முடியாது.

நெப்டியூன் கதை நன்றாக இருந்தது. ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதே. தூரிகை முனையைக் கூர்மையாக்க நாக்கில் வைத்து இழுக்கிறாயே, அதை இன்றோடு விடு. சிறுவயதிலிருந்து நாம் இருவரும் அப்படித்தான் செய்கிறோம். விடு.

யாபேஸ்


பர்ஸ்லெம்,
ஜூலை 5

என் நாக்குக்குக் காவல் போட்ட அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கிறேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். உன் எழுத்து ஏன் கள்ளுக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தள்ளாடுகிறது? 'நலம்' என்ற சொல்தான் எல்லாவற்றிலும் மோசமாகத் தள்ளாடுகிறது. கப்பல்காரர்களோடு சேர்ந்து குடிக்கிறாயா? அத்தையிடம் சொல்லமாட்டேன். ஜெபக்கூடத்தில் உனக்காக ஒரு மணிநேரம் கத்துவாள், கேட்க வேண்டியது நான்.

நாக்கை நீட்டாதே என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் நீ இல்லை. ஆனால் மற்றவர்கள் எல்லோரும் பேச்சைத்தான் சொன்னார்கள்.

திருவிழா நன்றாக நடந்தது. ஊஞ்சல் படகில் ஏறினேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டியது. ஊஞ்சல்காரன், "ஜோடி எங்கம்மா?" என்றான். "லிவர்பூல்ல இருக்கு" என்றேன். எடை சமன் ஆக வேண்டுமே என்று எதிரில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தான். மூட்டை உன்னைவிட நன்றாகத்தான் ஆடியது. உன்னை மாதிரி மேலே போகும்போது கத்தவும் இல்லை. இஞ்சி ரொட்டி வாங்கினேன். பாதியை மூட்டைக்கு வைத்தேன், சாப்பிடவில்லை. நானே தின்றேன்.

ஒரு வரியாவது எழுது. தள்ளாடினாலும் பரவாயில்லை.

எப்சிபா


லிவர்பூல்,
ஆகஸ்ட் 16

அன்புள்ள சகோதரி எப்சிபாவுக்கு,

தாங்களும் அத்தை அவர்களும் பூரண சுகத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். இவ்விடம் யாவரும் சுகம். எனது மணிக்கட்டில் லேசான சுளுக்கு ஏற்பட்டுள்ளபடியால், என் விடுதியில் தங்கியுள்ள குமாஸ்தா ஒருவர் தயவுகூர்ந்து இதனை எழுதித் தருகிறார். கவலைப்பட ஏதுமில்லை.

சுளுக்குவதற்கு முந்தின வாரம் நான் தீட்டிய அப்பல்லோ ஒன்றை இத்துடன் நோவா அவர்கள் வசம் அனுப்பியுள்ளேன். தங்கள் டயானாவின் அருகில் வைத்துக்கொள்ளவும். நான் இங்கு நல்ல நிலையில் இருப்பதற்கு அதுவே சாட்சி.

அச்சாரம் வாங்க வேண்டாம்.

தங்கள் பிரியமுள்ள,
யாபேஸ்


பர்ஸ்லெம்,
ஆகஸ்ட் 30

குமாஸ்தா வைத்து எழுதும் கனவானுக்கு,

தாங்களா? தாங்கள் என்று என்னை அழைத்ததைத் தாங்க முடியவில்லை. மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. குமாஸ்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இதை அவர்தான் உனக்குப் படித்துக் காட்டுகிறார் என்றால், ஐயா, சற்றே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

அப்பல்லோ விரல் நோகாமல் வந்து சேர்ந்தார். அத்தை, "அம்மணமா ஒரு ஆம்பள நம்ம வீட்டுல இருக்கக் கூடாது" என்று தன் சமையல் துணியை இடுப்பில் கட்டிவிட்டாள். சமைக்கும்போது அவிழ்க்கிறாள், சமைத்து முடித்ததும் கட்டுகிறாள். சூரிய தேவனுக்கே நாளொன்றுக்கு ஒரே ஒரு உதயம்தான், இவருக்கு மூன்று.

அழகாக இருக்கிறார். ரோஜா நிறம் கச்சிதமாக வெந்திருக்கிறது. மேலங்கி மடிப்பெல்லாம் சுத்தம்.

புருவம் மட்டும் இரண்டு இழுப்பு. நடுவில் விட்டு, மறுபடி தொட்டிருக்கிறது. விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பகலில் ஜன்னலில் வைத்தும் பார்த்தேன். இரண்டுதான். நீ போடும் புருவத்தை நான் எட்டு வயதிலிருந்து எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூச்சை நிறுத்திக்கொண்டு ஒரே இழுப்பு. உனக்குப் பிறகு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

அங்கே வழக்கத்தை மாற்றிவிட்டார்களா? கேட்கத்தான் கேட்டேன்.

எப்சிபா


பர்ஸ்லெம்,
செப்டம்பர் 27

யாபேஸ்,

பதில் இல்லை. நலம் கேட்டு நலம் கேட்டு எனக்கே உடம்பு சரியில்லாமல் போய்விடும் போலிருக்கிறது. அத்தை நலம். அப்பல்லோ நலம். துணிக்குத்தான் கிழிசல்.

நோவா மாமா நேற்றுப் பட்டறைக்கு வந்தார். கூடைகளை ஏற்றும் இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒங்கண்ணனப் பாத்தேன்மா. துறைமுகத்துல. பீங்கான் கூடை தூக்கிட்டுப் போயிட்டிருந்தான்."

"எங்கண்ணனா? அவன் கூடை தூக்கினா கூடைதான் அவனத் தூக்கணும்."

"வெளையாடாத. யாபேஸுன்னு கத்துனேன். நின்னான். திரும்பல. அப்புறம் போயிட்டான்."

"கண்ணுல தண்ணி கட்டியிருக்கும் மாமா. கடல் காத்து."

"யாரு கண்ணுல?" என்றார்.

எல்லோரிடமும் இதை வேடிக்கையாகச் சொன்னேன். நோவா கிழவர் லிவர்பூலில் போகிற வருகிற கூலிகளையெல்லாம் யாபேஸ் என்று கூப்பிடுகிறார் என்றேன். பட்டறையே சிரித்தது.

உனக்கும் வேடிக்கையாகத்தான் எழுதுகிறேன். நீயும் வேடிக்கையாகவே பதில் எழுதலாம். எப்படி எழுதினாலும் படிப்பேன். மார்ட்டின் திருநாள் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த முறை அச்சாரத்தை மறுத்தால் மறுநாளே என் ஸ்டூலில் வேறு ஆள் உட்காருவாள். முதலாளி வருத்தப்படுவார், ஆனால் காத்திருக்கமாட்டார். அத்தையும் வேலையில்லாதவளைச் சும்மா வைத்திருக்க வசதி உள்ளவள் இல்லை. ஆகவே கேட்கிறேன். எனக்கு அங்கே இடம் இருக்கிறதா?

எப்சி


லிவர்பூல்,
அக்டோபர் 18

அன்புள்ள சகோதரி எப்சிபாவுக்கு,

இவ்விடம் சுகம். தங்கள் சுகத்தை அறிய ஆவல்.

நோவா அவர்கள் கண்டது நான் அல்ல. இந்நகரில் என்னை ஒத்த சாயல் உள்ளோர் பலர். புருவம் குறித்துத் தாங்கள் எழுதியது சரியே. இங்கு வழக்கம் வேறு.

தங்களுக்கான இடம் குறித்து மேஸ்திரியிடம் பேசி வருகிறேன். கிறிஸ்துமஸுக்குள் நிச்சயம் ஆகும் எனத் தோன்றுகிறது. அதுவரை

எப்சி இதற்கு மேல் இவரிடம் சொல்லி எழுத முடியவில்லை

யாபேஸ்


பர்ஸ்லெம்,
நவம்பர் 12

யாபேஸ்,

அந்தக் கடைசி வரியைக் குமாஸ்தா எழுதவில்லை. மேலே சீராக ஓடிய எழுத்துக்குக் கீழே அது தரையில் கொட்டிய ஊசிகள் மாதிரி கிடந்தது. எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஈயம் கலந்த மெருகுத் தொட்டியில் சிலைகளை முக்கி எடுக்கும் சாம்சன் தாத்தாவின் கையை நீ பார்த்திருக்கிறாய். தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். அந்த நடுக்கம் தொட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நாம் நினைத்திருந்தோம். வண்ணத்திலும் அதே ஈயம்தானே. நாக்கில் வைக்காதே என்று நீ மே மாதமே எழுதினாய். நான் கேலி செய்தேன். இப்போது துணியில்தான் முனை பிடிக்கிறேன். என் கை இதுவரை நேராக இருக்கிறது.

சரி, நேற்று நடந்ததைக் கேள். மார்ட்டின் திருநாள் அச்சாரக் காசோடு முதலாளி ஒவ்வொரு மேசையாக வந்தார். என்னிடம் வந்ததும், "ம், கைய நீட்டு" என்றார்.

"நீட்டுறேன்யா. ஆனா ரெண்டு பேருக்கு."

"இன்னொருத்தர் யாரு?"

"யாபேஸ்."

"லிவர்பூல் தொரை திரும்பி வர்றாரா! அப்பல்லோ போடவா?"

"இல்ல. புல்லு ஒத்த."

சிலையின் காலடி மேட்டில் பஞ்சால் பச்சை ஒற்றுவது. ஆமாம், வந்த புதிதில் நமக்குக் கொடுத்தார்களே, அதே வேலைதான். கை நடுங்கினால் புல் இன்னும் இயல்பாக வரும்.

"அது பொடிசுங்க வேலைடீ. மீச மொளச்சவனுக்கா குடுப்பாங்க?"

"அவனுக்கு எங்கய்யா மீச? நாலு முடி இருக்கு, அதுவும் ஒண்ணோட ஒண்ணு பேசாது."

இந்த இடத்தில் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தொங்கும் கண்ணாலும் பார்த்தார். இன்னொரு காசையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் ஸ்டூலு காலியா இருக்கும். அதுக்கப்புறம் தச்சன் மக வருவா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

உன் காசு என்னிடம் இருக்கிறது. நீ வரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஏன் என்று கேட்கமாட்டேன். அப்பல்லோவின் முகத்தைத் தீட்டியவன் அவன் காலடியில் பச்சை ஒற்றுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேசை மேத்யூ என்னென்ன சொல்வான் என்றும் தெரியும். அதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். என்னுடைய கேலியே அதைவிட மோசமாக இருக்கும்.

இன்னொன்று. நான் எழுதிய கூத்தெல்லாம் நடந்தவைதான். சிரித்தவர்கள்தான் இல்லை. பட்டறை சிரித்தது, பட்டறை சிரித்தது என்று எழுதினேன் அல்லவா? நெப்டியூனின் கண் யாருடையது என்றுகூடப் பட்டறையில் யாரும் கவனிக்கவில்லை யாபேஸ். நான் நிமிர்ந்து எதிரில் பார்ப்பேன். அங்கே ஸ்டூல் இருக்கும்.

அங்கே எனக்கு இடம் வேண்டாம். இங்கே உனக்கு இருக்கிறது.

எப்சி


லிவர்பூல்,
டிசம்பர் 6

எப்சி,

நானே எழுதுகிறேன். நேற்று மாலை தொடங்கினேன், இன்று சபைக்கூட மணி அடித்துவிட்டது. இரண்டு தாள் வீண். படிக்க முடியாத இடத்தை நீயே நிரப்பிக்கொள், அதில் உனக்குப் பழக்கம் உண்டு.

மே மாதம் ஒருநாள் அப்பல்லோவின் கண்ணிமைக்குத் தூரிகையை வைத்தேன். கோடு கன்னத்தில் இறங்கிவிட்டது. அதன்பின் எல்லாமே இறங்கின. மேஸ்திரி நல்ல மனிதர், ஜூன் கடைசி வரை பொறுத்தார். நான் அனுப்பிய சிலை கடையில் வாங்கியது. நோவா மாமா கூப்பிட்டது என்னைத்தான். திரும்பியிருந்தால் உன்னைப் பற்றிக் கேட்டிருப்பேன், அவர் என்னைப் பற்றி உன்னிடம் சொல்லியிருப்பார். அதனால் கூடையைச் சுமந்துகொண்டு நடந்தேன். அந்தக் கூடைமேல் டரண்ட் பட்டறை முத்திரை இருந்தது. உள்ளே உன்னுடையது எது என்று தெரியவில்லை.

இடம் இல்லாமலே உன்னை வரச்சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வந்து இறங்கினால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே இல்லை. வந்து இறங்குவாய், அதுவரைதான் யோசித்தேன்.

வருகிறேன். அடுத்த படகில் நோவா மாமா இடம் வைத்திருக்கிறார். முதலாளியிடம் சொல். அத்தையிடமும் சொல், நடுக்கத்தைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடு.

நம் ஊர் வழக்கப்படி திங்கட்கிழமை யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். செவ்வாய் காலை எல்லோரும் பார்க்க நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பஞ்சைக் கையில் எடுக்க வேண்டும். அப்போது மட்டும் ஒரு உதவி செய். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நீ சிரித்துவிடு. சத்தமாகச் சிரி. உன் சிரிப்புக்கு அப்புறம் வேறு யார் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

யாபேஸ்